மூன்றாம் அறை

செவ்வாய்க்கிழமை. பீட்டர்பரோ.
மூன்றாம் அறைக்கு ஜன்னல் உண்டு,
பார்க்கக் கார் நிறுத்துமிடம்தான்.
கூண்டு இல்லை. கூண்டில் நிற்க ஆளும் இல்லை.
நான், ஒரு மடிக்கணினி,
சட்டம் சொல்ல ரியானன்,
அவள் கொண்டுவந்த இஞ்சி பிஸ்கட்.
மதியத்துக்குள் அறுபத்தெட்டு வழக்கு.

மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில்
கண் பரிசோதிப்பவள் நான்.
இருட்டில், எட்டும் தூரத்தில் ஒரு முகம் இருக்கும்.
முதலாவது தெளிவா, இரண்டாவதா?
தெரியவில்லை என்றால் திரும்பக் காட்டுவேன்,
அவசரமில்லை என்பேன்.
இங்கே முகம் கிடையாது.
இரண்டு கட்டங்கள், ஒன்றில் ஒரு டிக்.

கெய்லி ஹார்வுட். உரிமம் இல்லாமல் தொலைக்காட்சி.
"நான் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் மட்டும்."
கார்ட்டூனும் தொலைக்காட்சிதான், கெய்லி.
ஆர்வீதாஸ், முப்பது மைல் சாலையில் நாற்பத்தொன்று.
ஒப்புக்கொண்டு, கடைசி வரியில் நன்றியும் சொல்கிறார்.
எதற்கென்று தெரியவில்லை.
டிக்கெட் இல்லாமல் மார்ச்சிலிருந்து வந்த ஒருவன்.
மார்ச் இங்கே ஓர் ஊர்.

பதிலே போடாதவர்களுக்கு
வாரம் நானூற்று நாற்பது பவுண்ட் வருமானம் என்று
நாங்களே கற்பித்துக்கொள்வோம்.
வேலையில்லாதவனுக்குச் சம்பளம் கொடுத்து
அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம்.
இதற்கு ரியானன் சிரிப்பதில்லை.
அவளுக்கு இது பதினோராவது ஆண்டு.

ஒரு வழக்குக்கு ஒன்றரை நிமிடம்.
கொலைக்கு மூன்று வாரம் ஒதுக்குவார்கள்,
வேறு கட்டடத்தில், பொய்முடி வைத்துக்கொண்டு.
கொலை செய்யாத பெருங்கூட்டம்
சட்டத்தைச் சந்திப்பது எங்களிடம்தான்.
சந்திப்பது என்று சொல்லலாமா?

கதையில் வந்த பசுவுக்கு ஆராய்ச்சி மணி இருந்தது.
கயிற்றை இழுத்ததும் அரசனே இறங்கி வந்தான்.
பீட்டர்பரோப் பசு
படிவம் நிரப்ப வேண்டும்,
கன்று இறந்த தேதியைக் குறிப்பிட்டு,
இருபத்தொரு நாளுக்குள்.

நாற்பத்து மூன்று.
டெரக் பிளம்லி, வயது எண்பத்தொன்று.
காப்பீடு இல்லாத கார் வைத்திருந்தது.
குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில்
டிக் அல்ல, ஒரு பெருக்கல் குறி.
கீழே பென்சிலில்:

"எல்லாம் மனைவிதான் பார்த்துக்கொண்டாள்.
பிப்ரவரியில் போய்விட்டாள்.
எனக்கு ஓட்டத் தெரியாது.
அவள் குள்ளம், சீட்டை நன்றாக முன்னால் இழுத்து வைத்திருப்பாள்.
விற்றால் வாங்குகிறவர் பின்னால் தள்ளிவிடுவார்.
எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள்."

ஸ்கேன் செய்ததில் பென்சில் பாதி கரைந்திருந்தது.
கழுத்தை நீட்டியும் இழுத்தும் வாசித்தேன்,
கடையில் மற்றவர்கள் என் அட்டையை வாசிப்பதுபோல்.

கண்ணோட்டம் என்று ஒரு சொல் உண்டு எங்களிடம்.
இன்று அது பார்க்கும் கோணம்.
பழைய நாளில் இரக்கம்.
கண் எப்போது நிற்காமல் ஓடத் தொடங்கியதோ.
ரியானனிடம் சொல்ல நினைத்தேன்.
நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"நின்றுகொண்டிருந்த காரானாலும் குற்றம்தான்" என்றாள்.
தெரியும்.
"வழக்குப் போட்டவர்கள் இதை வாசித்தார்களா?"
"இல்லை. ஒப்புக்கொண்டால் அவர்களுக்குப் போகாது."
"அனுப்பு. கைவிடுகிறீர்களா என்று கேள்."

அவள் தட்டச்சு செய்தாள். நான் பிஸ்கட்டை உடைத்தேன்.
செய்தது கருணையா, தள்ளிப்போட்டதா?
அவர்கள் மாட்டோம் என்றால்
வேறொரு செவ்வாய், வேறொருவர், ஒன்றரை நிமிடம்.
அதுவரை பிளம்லியின் வாசலில்
பழுப்பு நிறத்தில் இன்னும் ஓர் உறை,
திறக்கப் பயந்து, கெட்டில் அருகே வைத்துவிட.

திரையில் நாற்பத்து நான்கு வந்துவிட்டது.
கெய்லியின் கடிதத்துக்கு
இரண்டாம் பக்கம் இருந்ததா?
நான் கீழே உருட்டினேனா?

"அது பதிவாகிவிட்டது" என்றாள் ரியானன்,
திரும்பிப் பார்க்காமல்.